ஆஸ்திரேலியா அத்தை

பத்தேகால். இங்கே பத்தேகால் என்றால் அம்பாசமுத்திரத்தில் ஐந்தே முக்கால், பிள்ளை இன்னும் எழுந்திருக்க மாட்டாள், நாத்தனார் ஆவுடை மைனியின் வயிற்றின்மேல் ஒரு காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருப்பாள் என்று குழல்வாய்மொழி நினைத்தாள், நினைத்துக்கொண்டே அடுத்த ஷீட்டின் மூலையைத் தேடினாள். எதிரே நிற்கிற புஷ்பராணி அக்கா தன் பக்கத்து மூலையைப் பிடித்துக் கிளிப்பில் மாட்டி ஒரு யுகம் ஆயிற்று, இவள்தான் தாமதம். ஈர ஷீட்டுகள் பெல்ட்டில் குவியல் குவியலாக வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. மெல்பர்ன் ஆஸ்பத்திரிகளில் யார் யாரோ படுத்துப் புரண்டு, வியர்த்து, அழுது, சிலர் செத்தும் போன ஷீட்டுகள், எல்லாம் வெந்நீரில் வெந்து வெள்ளை வெளேரென்று வருகின்றன. ஆளுக்கொரு மூலையைப் பிடித்து உதறிக் கிளிப்பில் கொடுத்தால் ரோலர் உள்ளே இழுத்துக்கொள்ளும், அந்தப் பக்கம் தேய்த்து மடித்து வெளியே வந்துவிடும். மூலையைக் கண்டுபிடிக்கிறதுதான் வேலை. பி.எட். படித்தவள், தென்காசியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு டீச்சராக இருந்தவள், இங்கே வந்து மூலை தேடுகிறாள் என்று ஊரில் சொன்னால் சிரிப்பார்கள், சிரித்துவிட்டுப் போகட்டும், அதில் அவளுக்கு வருத்தம் வடிந்து வருஷக்கணக்கு ஆகிறது. இன்றைக்குப் பிரச்சினை வேறே. பன்னிரண்டரைக்குச் சாப்பாட்டு நேரம். அரைமணி. அந்த அரைமணிக்குள் ஊருக்குப் போன் போட்டு, பிள்ளையிடம், இங்கே வருகிறாயா என்று கேட்டு, அவள் என்ன சொன்னாள் என்று வீட்டுக்காரருக்குத் தகவல் சொல்லவேண்டும். ஒரு மணிவரைக்கும்தான் டிக்கெட்டைப் பிடித்துவைத்திருப்பார்களாம். பத்தொன்பதாம் தேதி போகிறது, ஜூலை ஆறாம் தேதி திரும்புகிறது. அவளுக்குப் போகவர, பிள்ளைக்கு வர மட்டும்.

“என்னடி பிள்ளை, இரவு நித்திரையே கொள்ளேல்லைப் போல கிடக்கு. விரலைப் பாத்துக் குடு, உது இழுத்துப் போடும்” என்றாள் புஷ்பராணி அக்கா. யாழ்ப்பாணத்துக்காரி. இந்த ரோலருக்கு முன்னால் பதினாறு வருஷமாக நிற்கிறாள், ஷீட்டைப் பார்க்காமலே மூலையைப் பிடிப்பாள். குழல்வாய்மொழி ஒன்றுமில்லக்கா என்றாள். ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே இந்த ஊரில் நாலரை வருஷத்தை ஓட்டியாயிற்று. வேடிக்கைதான், நேர வித்தியாசமும் நாலரை மணி நேரம், பிள்ளையை விட்டுவிட்டு வந்ததும் நாலரை வருஷம், கணக்கு டீச்சருக்கு எண்கள் இப்படி வந்து பொருந்தினால் பிடிக்கும் என்று கடவுள் நினைத்துக்கொண்டானோ என்னவோ. காலையில் கூட அவரிடம் அதைத்தான் சொல்ல வாயெடுத்தாள். நெல்லையப்பன் அடுப்படியில் நின்றபடியே காபி குடித்துக்கொண்டிருந்தார், கிடங்கு வேலைக்குக் கிளம்பிய சட்டையோடு. “கேக்கதுக்கு என்ன இருக்கு? நம்ம பிள்ளையை நாம கூட்டிட்டு வாறதுக்கு அவகிட்ட பெர்மிஷனா? ஆறு வயசுப் பிள்ளைக்கு என்ன தெரியும்?” என்றார். “கேக்காமத் தூக்கிட்டு வந்தா திருடுன மாதிரி இருக்கும்” என்றாள் இவள். அந்தச் சொல் அவருக்குச் சுருக்கென்று தைத்திருக்கவேண்டும், டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, “உன் இஷ்டம். ஒரு மணிக்குள்ள சொல்லிரு” என்று போய்விட்டார். அவர் மேல் கோபம் இல்லை. அவருக்கும் நெஞ்சில் ஈரம் உண்டு, அதை வெளியே காட்டினால் இரண்டு பேரும் உடைந்துவிடுவோம் என்று பயம். கேட்டு, வரமாட்டேன் என்று பிள்ளை சொல்லிவிட்டால்? அப்போது என்ன செய்வாய் குழலி, அப்போதும் கூட்டிக்கொண்டு வருவாயா, வரமாட்டேன் என்று சொன்ன பிள்ளையை ஏரோப்ளேனில் ஏற்றி பெல்ட்டைப் போட்டு உட்காரவைப்பாயா? அதற்குமேல் நினைப்பு ஓடவில்லை. மூலை, மூலை எங்கே.

செட்டில் ஆகணும். அந்த வார்த்தையைக் கண்டுபிடித்தவன் யாரோ, அவன் நாசமாய்ப் போக. செட்டில் ஆயிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கலாம், செட்டில் ஆயிட்டு அடுத்ததைப் பார்க்கலாம், என்னம்மா செட்டில் ஆயிட்டீங்களா என்று தமிழ்ச் சங்கத்துப் பொங்கலில் கரும்பைக் கடித்துக்கொண்டு யாரோ ஒரு மாமா கேட்பார், ஆகிட்டு இருக்கோம் அங்கிள் என்று பல்லைக் காட்டவேண்டும். முதலில் லைசென்ஸ் எடுத்தால் செட்டில் ஆனமாதிரி என்றார்கள். எடுத்தாள், மூன்றாவது தடவையில். பிறகு கார். பழைய கார், ஹீட்டர் வலதுபக்கம் மட்டும் வேலைசெய்யும். பிறகு ஆறுபேர் இருந்த வீட்டிலிருந்து தனிவீடு, டார்னீட்டில், அந்த வீட்டைப் பார்க்க ஒரு சனிக்கிழமை முப்பது குடும்பம் வாசலில் வரிசையில் நின்றது, நாங்கள் இரண்டு பேர்தான், குழந்தை இல்லை என்று விண்ணப்பத்தில் எழுதினார் அவர். எழுதினால் சீக்கிரம் கிடைக்கும் என்று யாரோ சொன்னார்களாம். வீடு கிடைத்துவிட்டது. குழந்தை இல்லை என்று கட்டம் போட்டு டிக் அடித்த அந்தத் தாள் எங்கேயோ ஒரு ஆபீசில் இன்னும் இருக்கும். கையெழுத்து இவளுடையதும்தான். பிறகு பிஆர், இங்கேயே நிரந்தரமாகத் தங்குகிற அனுமதி. அது வருகிறது வருகிறது என்று இரண்டு வருஷம் இழுத்தடித்து, போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ஈமெயிலில் வந்தது, மூன்று பேர் பெயரும் போட்டு. அன்றைக்கு அவர் கேசரி கிண்டினார். இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள், ஏனென்றால் இனிமேல் சொல்லிக்கொள்ளச் சாக்கு ஒன்றும் பாக்கியில்லை.

பதினொன்று. அங்கே ஆறரை. எழுந்தாகிவிட்டது, இந்நேரம் கொல்லைப்புறப் படியில் உட்கார்ந்து பல்விளக்குவாள், விளக்குவது ஒரு நிமிஷம், வாயில் நுரையோடு கதை பேசுவது பத்து நிமிஷம் என்று மைனி சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் மைனி சொல்லித்தான் தெரியும். பெற்றவளுக்குத் தன் பிள்ளை பல்விளக்குகிற அழகை இன்னொருத்தி வர்ணிக்கவேண்டியிருக்கிறது, இதைவிடப் பெரிய தண்டனை எந்தக் கோர்ட்டில் கொடுப்பார்கள். பெல்ட்டில் இப்போது சின்ன ஷீட்டுகள் வருகின்றன, குழந்தைகள் வார்டுத் துணி, ஓரத்தில் மஞ்சள் கரடி போட்டது. இவற்றை ரோலரில் கொடுக்கக்கூடாது, கையால் மடிக்கவேண்டும். எத்தனையோ நாள் மடித்திருக்கிறாள், ஒன்றும் தோன்றியதில்லை. இன்றைக்குக் கை வரவில்லை. ஒரு வயது எட்டு மாதப் பிள்ளைக்கு இந்த அளவு சரியாக இருந்திருக்கும். அந்தப் பிள்ளை ஃபுட்ஸ்கிரேயில் இருந்த பழைய வீட்டில் தரையில் விரித்த மெத்தையில் இவளுக்கும் அவருக்கும் நடுவில் படுத்திருந்தாள். நடுவில் என்றால் பெயருக்குத்தான், மூன்று பேரும் சேர்ந்து படுத்த நாள் கம்மி. அவர் ராத்திரி வேலை முடிந்து வருகிறபோது இவள் பகல் வேலைக்குப் போவாள், வாசலிலேயே பிள்ளை கை மாறும், பால் குடிச்சிட்டா, நாப்கின் மாத்தணும், அவ்வளவுதான் குடும்பப் பேச்சு. டே கேரில் விட வழியில்லை. அப்படி ஒரு நாள் அவர் உட்கார்ந்தவாக்கில் தூங்கிவிட்டார். பிள்ளை கதவைத் தள்ளிக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டாள், நாப்கினோடு, மேலே ஒரு துணியில்லாமல், ஆகஸ்ட் மாதக் குளிரில். பக்கத்து வீட்டு வியட்நாம்காரர் குப்பைத்தொட்டி பக்கத்திலிருந்து தூக்கிக்கொண்டுவந்து தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக் கதவைத் தட்டியிருக்கிறார். திட்டியிருந்தாலாவது ஆறுதலாக இருந்திருக்கும். அந்த மனுஷன் பிள்ளையைக் கொடுத்துவிட்டு ஒரு தடவை அவர் தோளைத் தட்டினாராம். அதைச் சொல்லிவிட்டு அவர் தலையில் தலையில் அடித்துக்கொண்டார். அந்த வாரமே முடிவாகிவிட்டது. ஆறு மாசம், ஆறே ஆறு மாசம் ஊர்ல அக்காகிட்ட விடுவோம், அதுக்குள்ள செட்டில் ஆயிருவோம்.

“உதை ஏன் நாலு தரம் மடிக்கிறாய், மடிச்சதையே திருப்பி மடிக்கிறியே” என்றாள் புஷ்பராணி அக்கா. இவள் கையைப் பார்த்தாள், உண்மைதான், ஒரே ஷீட்டை மடித்து, பிரித்து, மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அக்காவிடம் சொல்லிவிட்டால் என்ன என்று தோன்றியது. நாலு வருஷமாக எதிரெதிரே நிற்கிறார்கள், அக்காவின் மகள் சிட்னியில் பல் டாக்டர், மருமகன் பச்சைமிளகாய் சாப்பிடமாட்டான், அக்காவுக்கு முழங்காலில் வலி, எல்லாம் இவளுக்குத் தெரியும். இவளுக்குப் பிள்ளை இருக்கிறது, ஊரில் நாத்தனார் வளர்க்கிறாள் என்று அக்காவுக்கும் தெரியும். தெரியாதது ஒன்றுதான். “இன்னைக்கு மிருதுளாகிட்டக் கேக்கப்போறேங்க்கா, இங்க வாறியான்னு” என்றாள். “கேக்கிறதோ? என்ன விசர்க்கதை கதைக்கிறாய். பெத்த தாய் கூப்பிட்டால் பிள்ளை பறந்து வராதோ?” என்று அக்கா தன் பங்குக் கரடிகளை மடமடவென்று அடுக்கினாள். பெற்ற தாய். அதுதான் அக்காவுக்குத் தெரியாதது. மிருதுளா இவளை அம்மா என்று கூப்பிடுவதில்லை. அத்தை என்று கூப்பிடுகிறாள்.

யாரும் சொல்லிக்கொடுத்து வந்ததில்லை அது. கொண்டுபோய் விட்ட முதல் மாதம் பிள்ளை அழுத அழுகையை மைனி போனில் கேட்கவிடாமல் ஒளித்தாள், வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போகச் சொல்லிவிட்டுத்தான் இவளிடம் பேசுவாள், ஆனாலும் தூரத்தில் கேட்கும். பிறகு அழுகை நின்றது. அந்த வீட்டில் மைனியின் மகன் பூபதி இருந்தான், அப்போது ஐந்து வயது, மாமன் பெண்டாட்டி என்ற முறைக்கு இவளை அத்தை என்பான், போன் அடித்தால் ஓடிவந்து எடுத்து அத்தை பேசுறா அத்தை பேசுறா என்று வீடு முழுக்கக் கத்துவான். சின்னது பெரியதைப் பார்த்துத்தானே பேச்சுப் பழகும். அவன் மைனியை அம்மா என்றான், அதுவும் அம்மா என்றது. அவன் இவளை அத்தை என்றான், ஒரு ஞாயிற்றுக்கிழமை அதுவும் போனில் முகத்தை ஒட்டவைத்துக்கொண்டு அத்தே என்றது. அவரை மாமா என்றது. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது குழல்வாய்மொழிதான். மழலை அப்படி இருந்தது, யாருக்குத்தான் சிரிப்பு வராது. அதைப் பதிவுசெய்து வைத்து, கூடக் குடியிருந்தவர்களுக்கெல்லாம் போட்டுக் காட்டினாள். மைனி பாவம், அவள் மட்டும் சிரிக்காமல், “அம்மான்னு சொல்லுட்டி, அது உங்க அம்மைல்லா. நான்தான் அத்தை” என்று திருத்திக்கொண்டே இருந்தாள். நாலு தடவை, ஐந்து தடவை. அப்போது இவள் சொன்ன வார்த்தை இன்றைக்கும் தொண்டையில் முள்ளாய்க் குத்திக்கொண்டு நிற்கிறது, விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. “விடுங்க மைனி, எப்படிக் கூப்பிட்டா என்ன. அங்க இருக்கது வரைக்கும் நீங்கதானே அம்மா.” பெரிய மனசு என்று நினைத்துக்கொண்டு சொன்னாள். பிள்ளையை வளர்க்கிறவளுக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கிறோம் என்று நினைத்தாள். ஆறு மாதம்தானே, வந்ததும் மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். மார்ச் மாதம் நோய்க்குப் பயந்து உலகம் பூட்டிக்கொண்டது, இவர்கள் உள்ளே, பிள்ளை வெளியே. இரண்டு வருஷம் பூட்டு, பிறகு விசா இழுபறி. அதற்குள் பிள்ளைக்குப் பேச்சு வந்து, பல் விழுந்து, எழுத்து வந்துவிட்டது. மைனியும் ஒரு கட்டத்தில் திருத்துவதை நிறுத்திவிட்டாள். எந்த நாளில் நிறுத்தினாள் என்று இவளுக்குத் தெரியாது. அந்த நாள் தெரிந்தாலாவது அதை வெறுக்கலாம், மைனியை வெறுக்க முடியவில்லை.

வெறுக்க முடியவில்லை என்பது பொய். பன்னிரண்டு மணிக்கு, அங்கே ஏழரைக்கு, மைனி பிள்ளையைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிற நேரத்துக்கு இங்கே நின்றுகொண்டு குழல்வாய்மொழி தினமும் ஒரு நிமிஷமாவது அவளை வெறுக்கிறாள். இரட்டைப் பின்னல் போட்டு ரிப்பன் கட்டுகிற கையை வெறுக்கிறாள். ஒரே ஒரு தடவை, இரண்டாயிரத்து இருபத்திரண்டு டிசம்பரில், போய்ப் பார்க்கக் கொடுத்துவைத்தது, மூன்று வாரம். பிள்ளையின் விசா காலாவதியாகிக் கிடந்தது, கையோடு கூட்டிவர முடியாது, பார்த்துவிட்டுத்தான் வரமுடியும். சூட்கேஸ் நிறைய கவுன் கொண்டுபோனாள், எல்லாம் ஒரு சைஸ் சின்னது. பிள்ளை மரியாதையாக வாங்கிக்கொண்டது. அந்த மரியாதைதான் ஆளைக் கொன்றது. மைனியை நீ, வா, போ, எனக்கு ஊட்டு, இங்க சொறி. இவளை நீங்க, வாங்க, சாப்ட்டீங்களா. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைக்கிறேன் என்று ஆசையாக இவள் முற்றத்தில் உட்காரவைத்தாள். சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டது. எந்தப் பிள்ளைக்குத்தான் படாது. அம்மா அம்மா என்று அலறிக்கொண்டு எழுந்து ஓடியது, இவள் கையிலிருந்து, ஈரத்தோடு, மைனி நின்ற திசைக்கு. கண்ணை மூடிக்கொண்டே சரியாகப் போய் அவள் மடியில் முட்டியது. இவள் செம்பைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். மைனி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இவளைப் பார்த்த பார்வையில் வெற்றி இருந்திருந்தால் பிழைத்துப் போயிருக்கலாம், இல்லை, பயம்தான் இருந்தது. திருட்டுப் பொருளோடு பிடிபட்ட முகம். அது இவள் கொடுத்த பொருள்தான். நேற்று டிக்கெட் விஷயத்தைச் சொன்னபோது மைனி, “கூட்டிட்டுப் போட்டி. உன் பிள்ளை. நான் என்ன பெத்தேனா” என்றாள். பிறகு, “தோசை முறுகலாச் சுட்டா தொடமாட்டா, நடுவுல மெத்துன்னு இருக்கணும். காய்ச்சல் வந்தா முதல்ல கால்தான் வலிக்குன்னு சொல்லுவா, அப்பவே பாத்துக்கோ. கத்தரிக்காயைக் கத்தரிக்கான்னு சொல்லாதே, வேற பேரு சொல்லி ஊட்டு” என்று வரிசையாகச் சொன்னாள், இவள் ஒரு சோப்பு டப்பா அட்டையில் எழுதிக்கொண்டாள். தன் பிள்ளை எப்படிச் சாப்பிடும் என்று குறிப்பெடுத்துக்கொண்டாள், வேலைக்குச் சேர்ந்த ஆயா மாதிரி.

பன்னிரண்டேகால். இன்னும் பதினைந்து நிமிஷம், ஒரு நிமிஷத்துக்குப் பத்து ஷீட். எப்படி ஆரம்பிப்பது? மிருது, அம்மா ஒண்ணு கேக்கட்டா. அம்மா என்று சொன்னால் பிள்ளை திரும்பி அந்த அம்மாவைப் பார்க்கும். நான் அம்மா என்று அடித்துச் சொல்லலாம். முற்றத்தில் அதுவும் சொல்லிப் பார்த்தாயிற்று, அன்றைக்குச் சாயங்காலம், மெதுவாக, மடியில் இருத்திக்கொண்டு, நான்தாண்டா உன்னைப் பெத்த அம்மா என்று. தெரியும், அம்மா சொல்லியிருக்கா, நீங்கதான் என்னைப் பெத்த அத்தை என்றது. வரமாட்டேன் என்று சொல்லட்டும். அப்படிச் சொல்லிவிட்டால் ஒரு நிம்மதி, அழலாம், ஊர் உலகத்துக்குச் சொல்லி அழலாம், டிக்கெட் வேண்டாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு அந்த அறையைப் பூட்டலாம். அறையில் கட்டில் போட்டாயிற்று. ரோஸ் பிடிக்குமா பச்சை பிடிக்குமா என்று தெரியாமல் சுவருக்கு வெள்ளையே அடித்தார் அவர். ஐயோ வேண்டாம், வருகிறேன் என்று சொல்லட்டும், சாமி, என் தாயே, குற்றாலத்தில் இருக்கிறவளே, உன் பெயரைத்தானே எனக்கு வைத்தார்கள், இந்த ஊரில் எவன் வாயிலும் நுழையாமல் கூஸ் கூஸ் என்று சூப்பர்வைசர் கூப்பிடுகிற பெயர், பிள்ளை வாயிலிருந்து ஒரு வார்த்தை, வாறேன் என்று ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொடு. மணி அடித்தது. ரோலர் பெருமூச்சு விட்டு நின்றது. கையுறையைக் கழற்றினால் விரல்கள் பத்தும் வெந்து வெளுத்திருந்தன.

சாப்பாட்டு அறையில் மைக்ரோவேவுக்கு முன்னால் எட்டுப் பேர் வரிசை. அவள் டப்பாவைத் திறக்கவே இல்லை. ஜன்னலோரம் சிக்னல் நன்றாகக் கிடைக்கிற நாற்காலியில் உட்கார்ந்து போனைச் சுவரில் சாத்திவைத்தாள். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். திரையில் மிருதுளாவின் முகம் நெருக்கமாக வந்தது, நெற்றியில் திருநீறு, முன்பல் இரண்டு இல்லை. தலைக்கு மேலே சீப்புப் பிடித்த ஒரு கை மட்டும் தெரிந்தது.

“அத்தை, சாப்ட்டீங்களா?”

“இனிதான். நீ?”

“நாலு இட்லி. மாமா எங்கே?”

“மாமா வேலைக்குப் போயிருக்காங்க.” தன் வாயாலேயே மாமா என்றாள். காலையிலிருந்து ஒத்திகை பார்த்தது அத்தனையும் எங்கேயோ போய்விட்டது. “மிருது, அத்தை ஒண்ணு கேக்கட்டா?”

அவ்வளவுதான். அம்மா என்று சொல்லவேண்டிய இடத்தில் அத்தை என்று அவளே சொல்லிவிட்டாள். சீப்பு ஒரு விநாடி நின்று மறுபடி நகர்ந்தது.

“கேளுங்க.”

“இங்க வாறியா? எங்ககூட இருக்கதுக்கு. ஒரேயடியா. இங்க ஸ்கூல் இருக்கு, உனக்குன்னு தனி ரூம் போட்டிருக்கோம். நான் வந்து கூட்டிட்டு வருவேன்.”

பிள்ளை இவளைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தது, கை வந்த திசையில். சீப்பு நகரவில்லை. மைனி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்று இவளுக்குத் தெரிந்தது, ஏனென்றால் இவளும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தாள். மைக்ரோவேவ் டிங் என்றது, யாரோ சிரித்தார்கள், யாரோ நாற்காலியை இழுத்தார்கள்.

“அம்மா சொன்னா, ஏரோப்ளேன்ல போணும்னு” என்றது பிள்ளை. “சரி. வாறேன்.”

எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டது. குழல்வாய்மொழிக்கு முதலில் நம்ப முடியவில்லை. பிறகு நாலரை வருஷமாக மூச்சுப் பிடித்திருந்தவள் முதல் தடவையாக மூச்சு விட்டாள். வருகிறாள். என் பிள்ளை வருகிறாள். எனக்கு மன்னிப்பு உண்டு. தோசையை மெத்தென்று சுடுவேன், கால் வலிக்கிறது என்றால் உடனே நெற்றியைத் தொட்டுப் பார்ப்பேன்.

“அத்தை.”

“சொல்லும்மா.”

“அங்க வந்தப்புறம், நீங்க இப்பக் கூப்பிடுத மாதிரியே, நானும் அம்மாவைப் போன்ல கூப்பிடலாமா?”

சீப்பு கீழே விழுந்த சத்தம் கேட்டது. பிள்ளை திரும்பிப் பார்க்கவில்லை, பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தது, கண்ணில் ஒரு சந்தேகமும் இல்லாமல். இதற்குள் அதற்கு உலகம் விளங்கியிருக்கிறது. ஒரு ஊரில் இருக்கிறவர்கள் இன்னொரு ஊரில் இருக்கிறவர்களைப் போனில் கூப்பிடுவார்கள், சாப்பிட்டாயா என்று கேட்பார்கள், ஆஸ்திரேலியாவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதைத்தான் செய்கிறார்கள்.

“கூப்பிடலாம்” என்றாள்.

“வீடியோவா?”

“வீடியோதான்.”

“டெய்லியா?”

“டெய்லி. நானே போட்டுத் தாரேன்.”

“அப்ப சரி” என்றது. வாசலில் வேன் ஹாரன் அடித்தது. பை, அத்தை, டாட்டா என்று முகம் விலகியது, ஒரு விநாடி வெறும் சுவரும் காலண்டரும் தெரிந்தன, யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், பிறகு மைனியின் விரல் வந்து அணைத்தது.

பன்னிரண்டு நாற்பது. ஒரு மணிக்கு இன்னும் இருபது நிமிஷம் இருந்தது, அந்த இருபது நிமிஷத்தில் ஒரு மனுஷி எவ்வளவோ செய்யலாம். வேண்டாம் என்று எழுதலாம். நல்லவளாக இருந்தால் அப்படித்தான் எழுதுவாள், ஒரு பிள்ளையை இரண்டாம் தடவை தாயிடமிருந்து பிரிக்கக்கூடாது என்று தெரிந்தவள் அப்படித்தான் செய்வாள், கதை கேட்கிறவர்கள் எல்லாரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு மகராசி என்பார்கள். முதல் தடவையும் இவள்தான் பிரித்தாள், ஆறு மாசம் என்று சொல்லி. இப்போதும் இவள்தான். அப்போது ஒரு வயது எட்டு மாதம், அழுதது, மறந்தது. இப்போது ஆறு வயது, மறக்காது. அந்த வெள்ளைச் சுவர் அறையில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை மணிக்குக் கூப்பிடலாம், இன்னும் எவ்வளவு நேரம் இருக்கிறது என்று கேட்கும், நாலரை மணி நேரத்தைக் கழிக்கக் கற்றுக்கொள்ளும், கணக்கு டீச்சர் மகள்தானே, சீக்கிரம் வந்துவிடும். எல்லாம் தெரிகிறது. தெரிந்தும் விரல் போனது. நல்லவளாக இருக்க அவளுக்குத் தெம்பில்லை, அவளுக்குப் பிள்ளை வேண்டும், அவ்வளவுதான், வேறு நியாயம் ஒன்றும் அவளிடம் இல்லை. போட்டுருங்க என்று எழுதி அனுப்பினாள். உடனே ஒரு வட்ட முகம் சிரித்துக்கொண்டு பதிலாக வந்தது. கிடங்கில் எங்கேயோ ஒரு மூலையில் நின்று அவர் கண்ணைத் துடைத்துக்கொள்வார் என்று நினைத்தாள்.

புஷ்பராணி அக்கா தன் சோற்று டப்பாவோடு வந்து எதிரே உட்கார்ந்தாள், மூடியைத் திறந்து பாதி மீனை இவள் பக்கம் தள்ளினாள். “என்னவாம் பிள்ளை? வாறாளாமோ?”

“வாறாளாம்.”

“பாத்தியே. நான் சொன்னனான் எல்லே, பெத்த தாயிட்டைப் பிள்ளை வராமல் எங்கை போகும். பிறகென்ன, ஏன் அழுறாய்?”

குழல்வாய்மொழி கையுறை பட்டு வெளுத்த விரலால் முகத்தைத் துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்துகொண்டே இருந்தது. மீனை ஒதுக்கிவைத்துவிட்டு, குரல் வெளியே போய்விடாமல், அக்காவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

“பாவம் அக்கா. அவ அம்மாவை விட்டுட்டு வாறா.”